ஸ்கேன் என்றால் எந்த ஸ்கேன்? ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் ஏழெட்டுக் கருவிகள்

டாக்டர் "ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்கிறார். டீக்கடையில் "ஸ்கேன் பண்ணிடுங்க" என்கிறார்கள். அலுவலகத்தில் சான்றிதழை ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்கிறார்கள், விமான நிலையத்தில் பை ஸ்கேனுக்குள் போகிறது, ரேஷன் கடையில் விரல், கம்ப்யூட்டரில் வைரஸ் ஸ்கேன். எல்லாவற்றுக்கும் ஒரே சொல். ஆனால் உள்ளே நடக்கிற வேலை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத அளவுக்கு வேறு.

இந்தக் குழப்பத்தால் நிஜமான நஷ்டம் வருகிறது. எக்ஸ்ரே வகைக் கதிர்வீச்சு துளியும் இல்லாத எம்.ஆர்.ஐ.யைக் கதிர்வீச்சுக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள்; அவர்களே கதிர்வீச்சு உள்ள சி.டி.யை, பழைய படம் கையில் இருந்தும், இன்னொரு முறை எடுத்துக்கொள்கிறார்கள். கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் பணம் வரும் என்று நம்பிப் பணத்தை இழக்கிறார்கள். ஸ்கேன் செய்த தாளில் இருப்பது அசல் தாளில் இருப்பதேதான் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறோம். அது எப்போதும் உண்மையில்லை, அதையும் பார்ப்போம்.

## அலகிடுதல்தான் ஸ்கேன்

ஆங்கிலத்தில் இந்தச் சொல் முதலில் கருவிகளுக்கு வந்ததே இல்லை. செய்யுளைச் சீர் சீராக, அசை அசையாகப் பிரித்து அளப்பதற்குத்தான் அங்கே இந்தச் சொல் வழங்கியது. நம் யாப்பில் அதற்கு அலகிடுதல் என்று பெயர். 'தாமரை' என்ற சொல்லை எடுத்துக்கொண்டால் 'தா' நேர், 'மரை' நிரை, சேர்ந்தால் கூவிளம். முழுச் சொல்லை ஒரே பார்வையில் விழுங்காமல் துண்டு துண்டாக, வரிசை மாறாமல், ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அளவு குறித்துக்கொண்டு போவது. ஸ்கேனர் செய்வதும் அச்சாக இதே வேலைதான். இப்போது தமிழில் ஸ்கேனருக்கு 'வருடி' என்று ஒரு சொல் இருக்கிறது. தாளைத் தடவிக்கொண்டே போகும் கருவிக்குப் பொருத்தமான பெயர், ஆனால் எம்.ஆர்.ஐ.க்குப் பொருந்தாது.

எந்த ஸ்கேன் ஆனாலும் மூன்று கேள்விகளைக் கேட்டால் அதன் குணம் பிடிபட்டுவிடும்.

1. எதை அனுப்புகிறது? ஒளியா, ஒலியா, எக்ஸ்ரேயா, ரேடியோ அலையா, அல்லது எதையுமே அனுப்பவில்லையா?
2. திரும்பி வருவதில் எதை அளக்கிறது? பிரகாசமா, எதிரொலி வந்த நேரமா, நிழலின் அடர்த்தியா?
3. அந்த அளவுகளை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் என்ன கட்டுகிறது, அல்லது எதனோடு ஒப்பிடுகிறது?

மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். ஸ்கேனர் கொடுக்கும் படம், எண்களிலிருந்து கட்டிய படம். தப்பு நடந்தால் பெரும்பாலும் அந்தக் கட்டும் இடத்தில்தான் நடக்கிறது.

## மேசை மேல் இருக்கும் ஸ்கேனர்

மூடியைத் திறந்து, தாளைக் கவிழ்த்து வைத்து, பொத்தானை அமுக்கினால் கண்ணாடிக்கு அடியில் ஒரு வெளிச்சக் கோடு ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நகர்கிறதல்லவா, அந்தக் கோட்டின் அகலத்துக்கு மட்டும்தான் அந்த நொடியில் கருவிக்குப் பார்வை உண்டு. வெள்ளை இடம் ஒளியைத் திருப்பி அனுப்பும், கறுப்பு மை விழுங்கிவிடும். எவ்வளவு திரும்பியது என்று ஒரு வரி முழுக்க அளந்து எண்களாக எழுதிவிட்டு அடுத்த வரிக்கு நகரும்.

இப்படிப் படத்தை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டருக்குள் ஏற்றுவது தொடங்கியது 1957-இல். அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவரின் குழு, அவருடைய மூன்று மாதக் குழந்தையின் புகைப்படத்தை ஸ்கேன் செய்தது. 176-க்கு 176 புள்ளிகள், அவ்வளவுதான் அந்தப் படம். இன்று ஓர் ஏ4 தாளை 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் 2480-க்கு 3508 என்று சுமார் 87 லட்சம் புள்ளிகள் வரும். வண்ணத்தில் எடுத்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் 3 பைட். சுருக்காமல் வைத்தால் ஒரே ஒரு பக்கம் 26 எம்பி. இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள், கொஞ்சம் கழித்து இதுதான் வில்லங்கமாகப் போகிறது.

எழுத்துக்கு 300 டிபிஐ தாராளம், பழைய புகைப்படத்துக்கு 600. பெட்டியில் அதைவிடப் பெரிய எண் போட்டிருந்தால் அது கருவி உண்மையில் அளப்பதா, நடுவில் மென்பொருள் ஊகித்து நிரப்புவதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் இரண்டு வகை உணரிகள் உண்டு. சி.சி.டி. வகையில் ஒளியைத் திருப்பும் ஆடி, லென்ஸ் எல்லாம் இருப்பதால் கருவி தடிமனாக இருக்கும், ஆனால் கண்ணாடியை விட்டுக் கொஞ்சம் தூக்கி நிற்கும் பரப்பும் தெளிவாக வரும். சி.ஐ.எஸ். வகை மெலிசு, விலை குறைவு. தாள் கண்ணாடியில் ஒட்டிக் கிடக்க வேண்டும். தடிப்பான பழைய புத்தகத்தை அதில் கவிழ்த்தால் நடு மடிப்புப் பக்கத்து எழுத்தெல்லாம் மங்கிப்போகும். வீட்டில் இருக்கும் தாத்தா காலத்துப் புத்தகத்தைக் காப்பாற்ற நினைப்பவர்கள் ஸ்கேனர் வாங்கும் முன் இதைக் கவனிக்க வேண்டும். போனில் இருக்கும் 'ஸ்கேன்' செயலிகள் உண்மையில் போட்டோதான் எடுக்கின்றன, கோணலை நிமிர்த்தி நிழலை அழித்துத் தருகின்றன.

இன்னொன்று: ஸ்கேன் செய்த பிடிஎஃப்பில் எழுத்து கிடையாது, எழுத்தின் படம்தான் இருக்கிறது. அதனால்தான் தேடினால் கிடைப்பதில்லை. படத்தை எழுத்தாக மாற்றுவது ஓசிஆர் என்ற தனி வேலை. தமிழில் அதற்கு நம் எழுத்துக்கே உரிய சிக்கல்கள் உண்டு. துணைக்காலும் 'ர'வும் அச்சில் ஒன்றுபோலவே இருக்கும். 'கௌ'வில் வருவது 'ள'வா குறியா என்று இயந்திரத்துக்குத் தெரியாது. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய நூல்களில் 'ணா', 'றா', 'னை' போன்றவை வேறு வடிவத்தில் இருக்கும், அந்த வடிவங்களைத் தனியாகப் பழக்கப்படுத்தாத மென்பொருள் அங்கே தடுமாறும்.

## ஸ்கேனர் எண்ணையே மாற்றிய கதை

2013-இல் ஜெர்மனியில் டேவிட் க்ரீசல் என்ற கணினி அறிஞர் ஒரு விஷயத்தை வெளியிட்டார். ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஸ்கேன் வசதியுள்ள நகல் கருவியில் போட்டிருக்கிறார்கள். அசலில் மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்று இருந்தது. வெளியே வந்த படத்தில் மூன்று அறையிலும் 14.13. மங்கல் இல்லை, கிறுக்கல் இல்லை. சுத்தமான, தெளிவான, தவறான எண்.

காரணம் மேலே சொன்ன அந்த 26 எம்பி. அவ்வளவு பெரிய கோப்பைச் சுருக்க ஜேபிஐஜி2 என்ற முறையைப் பயன்படுத்தினார்கள். அது பக்கத்தில் ஒன்றுபோலத் தெரியும் சிறு துண்டுகளைத் தேடி, ஒரே துண்டின் நகலை எல்லா இடத்திலும் ஒட்டிவிடும். 'அ' நூறு இடத்தில் வந்தால் ஒரு 'அ'வைச் சேமித்தால் போதும் என்ற யோசனை. ஆனால் எழுத்து சிறியதாக இருந்தால் 6-ம் 8-ம் ஒன்றுபோலத் தெரிந்துவிடும், 6 இருந்த இடத்தில் 8-ஐ ஒட்டிவிடும். ஓசிஆர் செய்த தப்பு என்று முதலில் பலர் நினைத்தார்கள், இதில் ஓசிஆரே கிடையாது. நிறுவனம் பிறகு திருத்தம் வெளியிட்டது.

பழைய நகல் இயந்திரம் கெட்டுப்போனால் மங்கலாக எடுக்கும், பார்த்தவுடன் தெரியும். இது தெளிவாக இருந்துகொண்டே தப்புச் சொன்னது. அளந்தது சரியாக இருந்தும் கட்டிய இடத்தில் பிசகினால் இப்படித்தான் ஆகும். மருந்தளவு, வங்கிக் கணக்கு எண், சர்வே எண் உள்ள தாள்களைச் சுருக்கி ஸ்கேன் செய்துவிட்டு அசலைக் கிழித்துப் போடுகிறவர்கள் இந்த ஒரு சம்பவத்தை மறக்கக் கூடாது.

## மருத்துவமனை ஸ்கேன்கள்: நான்கும் நான்கு விதம்

1. அல்ட்ராசவுண்ட். அனுப்புவது ஒலி. நம் காதுக்கு நொடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும், இது பத்து லட்சங்களில் அதிரும் ஒலி. உடல் திசுவில் நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் போய், எல்லை மாறும் இடங்களில் மோதித் திரும்பும். எதிரொலி வர எவ்வளவு நேரம் ஆனது என்பதுதான் அளவு. நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஆனால் அந்த இடம் 7.7 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று அர்த்தம். காற்று இந்த ஒலிக்கு எமன், அதனால்தான் தோலுக்கும் கருவிக்கும் நடுவில் காற்று புகாமல் அந்தக் குளிர்ந்த ஜெல்லைத் தடவுகிறார்கள். தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கிக்கொண்டு வரச் சொல்வதும் அதே காரணம்: நிரம்பிய சிறுநீர்ப்பை வாயு உள்ள குடலை ஒதுக்கித் தள்ளி, ஒலி போக ஒரு ஜன்னல் திறந்துவிடுகிறது. இதில் எக்ஸ்ரே வகைக் கதிர்வீச்சு இல்லை, கர்ப்ப காலத்தில் இதை நம்பி எடுப்பது அதனால்தான். கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதை இந்தியாவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஸ்கேன் சென்டர்களில் மாட்டியிருக்கும் அந்தப் பலகை அதற்குத்தான்.

2. சி.டி. இது எக்ஸ்ரேதான், ஆனால் ஒரே கோணத்தில் நிற்காமல் உடலைச் சுற்றிச் சுற்றி எடுப்பது. ஒரு விளக்கை வைத்துச் சுவரில் விழும் நிழலைப் பார்த்தால் பொருளின் ஆழம் தெரியாது. நூற்றுக்கணக்கான கோணங்களில் நிழலைப் பார்த்தால், உள்ளே எங்கே என்ன இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய கருவியில் 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் முதல் நோயாளியின் தலையை ஸ்கேன் செய்தார்கள். கணக்கின் அடிப்படையைத் தனியாகக் கண்டுபிடித்த ஆலன் கார்மாக்குடன் 1979-இல் அவருக்கு நோபல் கிடைத்தது.

கதிர்வீச்சு என்ற கவலைக்கு முதலில் உரிய ஸ்கேன் இது. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றுக்குச் சுமார் 0.1 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) அல்லது அதற்கும் குறைவு. நெஞ்சு சி.டி. என்றால் பல மில்லிசீவர்ட், பொதுவாகச் சொல்லும் கணக்கு 5 முதல் 7. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஒரு மனிதருக்கு இயற்கையாகவே வருவது உலக சராசரியில் ஆண்டுக்கு 2.4. ஆக ஒரு நெஞ்சு சி.டி. என்பது இரண்டு மூன்று வருட இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமம். தலையில் அடிபட்டவருக்கு, பக்கவாதம் வந்தவருக்கு இது உயிரைக் காக்கும் ஸ்கேன், அங்கே தயங்கவே கூடாது. ஆனால் டாக்டரை மாற்றும்போதெல்லாம் புதிதாக எடுக்க வேண்டியதில்லை. பழைய ஃபிலிம், படம் பதிந்த கம்ப்யூட்டர் தட்டு, ரிப்போர்ட் மூன்றையும் ஒரு பையில் போட்டு எங்கே போனாலும் கையோடு கொண்டுபோவது, செலவுக்கும் உடம்புக்கும் நல்லது. கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டென்றால் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

இதே முறையில் இன்னொரு அற்புதமும் நடந்திருக்கிறது. கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது கரிந்துபோன பாப்பிரஸ் சுருள்கள் இத்தாலியில் கிடைத்தன. தொட்டால் உதிரும், பிரிக்க வழியே இல்லை. அவற்றைச் சுருட்டியபடியே எக்ஸ்ரேயில் ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டருக்குள் பிரித்து, 2023-இல் முதல் சொல்லைப் படித்தார்கள். ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். மையும் கரி, சுருளும் கரி, அதில் எழுத்தைப் பிரித்துக் காட்டியது கணக்கு.

3. எம்.ஆர்.ஐ. இதில் எக்ஸ்ரே கிடையாது. உடலில் உள்ள தண்ணீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஹைட்ரஜன் கருக்களைப் பெரிய காந்தத்தால் ஒழுங்குபடுத்தி, ரேடியோ அலையால் தட்டிவிட்டு, அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது விடும் மெல்லிய சமிக்ஞையை அளக்கிறார்கள். 1.5 டெஸ்லா காந்தம் என்றால் பூமியின் காந்தப்புலத்தைப் போலச் சுமார் 30,000 மடங்கு. உள்ளே படுத்திருக்கும்போது கேட்கும் அந்த டம் டம் சத்தம், உள்சுருள்களில் மின்னோட்டம் சட்டென்று மாறும்போது அவை அதிர்வதால் வருவது, ஏதோ கழன்றுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

இதன் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்கேன் ஓடாத நேரத்திலும் அந்தக் காந்தம் வேலை செய்துகொண்டே இருக்கும். 2018-இல் மும்பையில் ஒரு மருத்துவமனையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு அந்த அறைக்குள் போனவர் காந்தத்தால் இழுக்கப்பட்டு இறந்துபோனார். தாலியைக் கழற்றச் சொன்னால் நம் வீட்டுப் பெண்கள் மனம் வருந்துவது உண்டு. தங்கத்தைக் காந்தம் இழுக்காதுதான், ஆனால் ரேடியோ அலையில் உலோகம் சூடாகலாம், படத்தையும் கெடுக்கும். அதைவிட முக்கியம், தாலிக்கொடியில் கோத்து வைத்திருக்கும் ஊக்கு. அது எஃகு, இழுக்கப்படும். பேஸ்மேக்கர், மூளையில் போட்ட கிளிப், வெல்டிங் வேலையில் கண்ணில் தெறித்த இரும்புத் துகள் என்று எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்தப் படிவத்தில் கேட்கும் கேள்விகளை அவசரமாக 'இல்லை, இல்லை' என்று நிரப்பாதீர்கள்.

4. பெட் (PET). மூன்று கேள்விகளில் முதலாவதற்கு 'எதையும் அனுப்பவில்லை' என்று பதில் வரும் ஸ்கேன் இது. கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரை போன்ற ஒரு பொருளை ஊசியில் ஏற்றுவார்கள். புற்றுநோய்த் திசு பொதுவாகச் சர்க்கரையை அதிகமாக இழுக்கும், அங்கே அது சேரும். உடம்புக்குள்ளிருந்து வரும் கதிரைக் கருவி வாங்கிக்கொள்கிறது. அந்தக் கதிரியக்கம் சுமார் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். ஊசி போட்டபின் கொஞ்ச நேரம் கைக்குழந்தையையும் கர்ப்பிணியையும் நெருங்க வேண்டாம் என்று சொல்வது அதனால்தான்.

## பார்கோடும் கியூஆரும்

கடையில் பார்கோடு முதன்முதலாக ஸ்கேன் ஆனது 1974 ஜூன் 26, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், ஒரு சூயிங்கம் பாக்கெட். கறுப்புக் கோடு சிவப்பு லேசரை விழுங்கும், வெள்ளை திருப்பும், அகலம் அளக்கப்பட்டு எண்ணாகும். வெள்ளை மேல் சிவப்பு மையில் பார்கோடு அச்சடித்தால் சிவப்பு லேசருக்கு எல்லாமே வெள்ளைதான். கோட்டுக்குள் விலை இருப்பதில்லை, வெறும் எண்தான். விலை கடையின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. 890 என்று தொடங்கினால் இந்தியாவில் செய்த பொருள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது தவறு. அந்த எண் இந்தியப் பதிவு அமைப்பிடம் வாங்கப்பட்டது என்று மட்டுமே பொருள், இலங்கைக்கு 479. பொருளை எங்கே வேண்டுமானாலும் செய்திருக்கலாம்.

கியூஆர் 1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் பிறந்தது. மூன்று மூலையில் உள்ள சதுரங்கள், எந்தக் கோணத்தில் பிடித்தாலும் எது மேல் எது கீழ் என்று காட்டிக்கொடுக்கும். உயர்ந்த திருத்த நிலையில் சுமார் 30 சதவீதம் அழிந்தாலும் மீதியை வைத்துப் படித்துவிடலாம். கடையில் கிழிந்த ஸ்டிக்கர்கூட வேலை செய்வது இதனால்தான்.

சரி, மோசடிக்கு வருவோம். கடையில் ஒட்டியிருக்கும் கியூஆரில் இருப்பது 'யாருக்குப் பணம் போக வேண்டும்' என்ற முகவரி. ஸ்கேன் செய்யும்போது தகவல் ஸ்டிக்கரிலிருந்து உங்கள் போனுக்கு வருகிறது. பணம் வாங்குவதற்கு நீங்கள் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, யுபிஐ பின் நம்பரும் போட வேண்டியதில்லை. பழைய சோபாவை விற்கப் போட்டிருக்கிறீர்கள், "அட்வான்ஸ் அனுப்புறேன், இந்தக் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க சார்" என்று ஒருவர் பேசினால், உங்கள் கணக்கிலிருந்து எடுக்கத்தான் பேசுகிறார். கடைக்காரர்களுக்கு வேறு ஆபத்து: இரவோடு இரவாக அவர்கள் ஸ்டிக்கர் மேல் இன்னொன்றை ஒட்டிவிடுகிறார்கள். பணம் போடும் முன் திரையில் வரும் பெயரைக் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லிக் கேட்பது இரண்டு நொடி வேலை.

## விமான நிலையம், கம்ப்யூட்டர்

பைக்குப் போவது எக்ஸ்ரே, இரண்டு ஆற்றல் அளவில். திரையில் உணவு, துணி, பிளாஸ்டிக் ஆரஞ்சாகவும், உலோகம் நீலமாகவும், நடுத்தரம் பச்சையாகவும் தெரியும். லேப்டாப்பைத் தனியே வைக்கச் சொல்வது, அதன் பேட்டரியும் தகடுகளும் கீழே இருப்பதை மறைப்பதால், சி.டி. முறை வந்த இடங்களில் அதற்குத் தேவையில்லை. நாம் நடந்து போகும் வாசல்சட்டம் உலோகத்தை மட்டும் உணரும் சுருள், எக்ஸ்ரே இல்லை.

வைரஸ் ஸ்கேன் அலையெதையும் அனுப்புவதில்லை. கோப்புகளை ஒவ்வொன்றாகப் படித்து, தெரிந்த தீநிரல்களின் அடையாளத்தோடு ஒப்பிடுகிறது, சந்தேகமான நடத்தையையும் பார்க்கிறது. நேற்றுப் பிறந்த வைரஸ் பட்டியலில் இல்லாவிட்டால் தப்பிவிடலாம். 'ஸ்கேன் சுத்தம்' என்றால் தெரிந்தவற்றில் எதுவும் இல்லை என்று மட்டுமே பொருள்.

## விரல் வைத்தும் 'ரேகை விழவில்லை' என்றால்

கைரேகைக் கருவியில் விரலின் மேடுகள் கண்ணாடியைத் தொடுகின்றன, பள்ளங்கள் தொடுவதில்லை. அந்த வித்தியாசத்தை ஒளியால் அளக்கும் வகை ரேஷன் கடையில் பரவலானது. போன்களில் மின்னேற்றத்தாலும் ஒலியாலும் அளப்பவையும் உண்டு. ரேகை எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகக் கிளைக்கிறது என்ற இடங்களைக் குறித்து, பதிவில் இருப்பதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஒரு மதிப்பெண் போடும். ஓர் எல்லையைத் தாண்டினால் 'ஆம்', இல்லாவிட்டால் 'இல்லை'. எல்லையை உயர்த்தினால் வேறொருவர் நுழைவது குறையும், உரியவரே தடுக்கப்படுவது கூடும்.

அப்படித் தடுக்கப்படுவது யார்? சிமெண்டில் கை வைத்து வேலை செய்யும் கொத்தனார், சித்தாள், நடவு நட்டுத் தேய்ந்த விரல்கள், தோல் வறண்டு ரேகை மெலிந்த வயதானவர்கள். யாருக்கு அரிசி மிகவும் தேவையோ அவர்கள் விரலைத்தான் இயந்திரம் படிக்கத் திணறுகிறது. அந்த 'இல்லை', ஆள் வேறு என்று சொல்லவில்லை, மதிப்பெண் போதவில்லை என்றுதான் சொல்கிறது.

செய்யக்கூடியவை:

1. கண்ணாடியைத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள், முந்தைய விரல்களின் எண்ணெய் படிந்திருக்கும்.
2. விரலைக் கழுவி, வறண்டிருந்தால் லேசாக ஈரப்படுத்தி, அழுத்தித் தேய்க்காமல் தட்டையாக வையுங்கள்.
3. கட்டைவிரல் விழாவிட்டால் மற்ற விரல்களை முயலுங்கள். ஆதாரில் பத்து விரலும் பதிவாகியிருக்கிறது.
4. அப்படியும் ஆகாவிட்டால் கருவிழி ஸ்கேன் அல்லது போனுக்கு வரும் ஓடிபி இருக்கிறதா என்று கேளுங்கள். தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் கருவிழிக் கருவியும் வந்திருக்கிறது, அது விரல் தேய்மானத்தால் பாதிக்கப்படாது.

பதிவு பொருந்தவில்லை என்ற காரணத்துக்காக உரியவருக்குப் பொருளை மறுக்கக் கூடாது, மாற்று வழியில் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும் என்று ஆதார் ஆணையமே அறிவுறுத்தியிருக்கிறது. "ரேகை விழல, நாளைக்கு வா பாட்டி" என்று அனுப்பினால், அந்த வழி எது என்று அங்கேயே நின்று கேட்கலாம்.